புறக்கடைக் கோழிக்கூண்டைக் கீரி, பாம்பு, பருந்து, நாய்களிடமிருந்து காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சிறுநகரங்களின் ஓரங்களிலும் வீட்டுக்குப் பின்னால் பத்து, இருபது நாட்டுக்கோழிகளை வளர்ப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கு அடுத்தபடியாக இவர்களுக்குப் பெரிய இழப்பைத் தருவது வேட்டையாடும் விலங்குகள்தான். அந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பது என் உறுதியான கருத்து. கோழியைத் தேடி வரும் விலங்கைத் துரத்துவதில் செலவாகும் உழைப்பில் பாதியைக் கூண்டின் இடைவெளிகளை அடைப்பதில் செலுத்தினால், கோழியும் பிழைக்கும், விலங்கும் பிழைக்கும்.

கோழியைப் பிடிக்க வரும் விலங்குகள் எவை?

பகலில் வருபவை, இரவில் வருபவை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் எந்த நேரத்தில் கோழி போனது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

பகலில் வருபவற்றுள் முதன்மையானது கீரிப்பிள்ளை. வேலியோரத்தில் புதர்களை ஒட்டியே வந்து, ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கோழியைப் பிடிக்கும். வானிலிருந்து கரும்பருந்தும் வல்லூறும் குஞ்சுகளைத் தூக்குகின்றன. காகம் மிகச் சிறிய குஞ்சுகளையும் முட்டைகளையும் கொண்டுபோகும். உடும்பு முட்டைக்காக வரும், கிடைத்தால் குஞ்சையும் விழுங்கும். தெருநாய்க்குப் பகல், இரவு என்ற கணக்கே இல்லை.

இரவில் வருபவை காட்டுப்பூனை, மரநாய், புனுகுப்பூனை, நரி, பெருச்சாளி ஆகியவை. மரநாய் பெரும்பாலும் பழம் தின்னும் விலங்கு என்றாலும், ஓட்டுக்கூரை வழியாகக் கூண்டுக்குள் இறங்க வாய்ப்பு கிடைத்தால் கோழியை விடாது. புனுகுப்பூனை தரையிலேயே சுற்றித் திரிவது. வீட்டுப்பூனைகளுள் வேட்டைப் பழக்கம் கொண்டவை சிறு குஞ்சுகளைப் பிடிப்பதுண்டு. பாம்புகளுள் சாரையும் நல்ல பாம்பும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வருகின்றன. சாரை பெரும்பாலும் பகலில் நடமாடும், நல்ல பாம்பை எந்த நேரத்திலும் எதிர்பார்க்கலாம்.

கோழி செத்துக் கிடக்கிறது அல்லது காணாமல் போயிருக்கிறது. எது வந்தது என்று எப்படிக் கண்டறிவது?

கிடப்பதை உடனே அள்ளிப் போட்டுவிடாமல், பகல் வெளிச்சத்தில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும்.

பல கோழிகள் அங்கங்கே செத்துக் கிடந்து, இறகுகள் பரவலாகச் சிதறி, உடலில் கடித்துக் குதறிய தடம் இருந்தும் பெரிதாகத் தின்னப்படாமல் இருந்தால், வந்தது நாய் என்று கொள்ளலாம். கழுத்திலோ தலையிலோ சிறு பல்துளைகள் மட்டும் இருந்து, உடல் ஏறக்குறைய முழுதாகவே கிடந்தால் கீரியை நினைக்க வேண்டும். ஒரே ஒரு கோழி மட்டும் காணாமல் போய், வேலி வரைக்கும் கொஞ்சம் இறகு உதிர்ந்திருந்தால் காட்டுப்பூனையாகவோ நரியாகவோ இருக்கலாம், ஏனெனில் இவை பிடித்த இரையைத் தூக்கிச் சென்று மறைவில் தின்பவை. கூரை ஓடு விலகியிருந்தால் மரநாய். குஞ்சின் கால் கூண்டின் அடிப்பக்கத்திலிருந்து கடிக்கப்பட்டிருந்தாலோ, கூண்டுக்குள் புதிய வளை தெரிந்தாலோ பெருச்சாளி. முட்டைகள் ஓடுகூட மிஞ்சாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. குஞ்சின் தலையும் கழுத்தும் ஈரமாகி இறகு படிந்து, விழுங்க முயன்று விட்டுவிட்டதைப் போல உடல் கிடந்தால் அது பாம்பின் வேலை. பட்டப்பகலில் திறந்த வெளியில் ஓசையின்றி ஒரு குஞ்சு குறைந்திருந்தால் வானத்தைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையானால், மாலையில் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த மணலையோ அடுப்புச் சாம்பலையோ தூவி வைத்துவிட்டுக் காலையில் தடத்தைப் பார்க்கலாம். நான்கு விரலும் நகக்குறியும் தெரிந்தால் நாய் அல்லது நரி. நான்கு விரல் தெரிந்து நகக்குறி இல்லாவிட்டால் பூனை இனம், ஏனென்றால் பூனைகள் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்கின்றன. ஐந்து விரலும் நீண்ட நகமும் பதிந்திருந்தால் கீரி. வளைந்து செல்லும் ஒற்றைக் கோடு பாம்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எலித்தடங்கள் நிறையத் தெரிந்தால் அதுவும் முக்கியமான செய்தி, அதைப் பற்றிப் பின்னர் வருகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நோயில் இரவே இறந்துபோன கோழியை விடியற்காலையில் நாய் இழுத்துப் போட்டிருக்கலாம். முந்தைய நாள்களில் கோழிகள் சோர்ந்து நின்றனவா, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தனவா என்று நினைவுபடுத்திப் பார்த்து, ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கீரி இரத்தத்தை உறிஞ்சிவிட்டு உடலைப் போட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

கழுத்தில் துளையுடன் முழு உடல் கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். உண்மையில் கீரி தன் இரையைக் கழுத்திலும் தலையிலும் கடித்துக் கொல்கிறது. திறந்த வெளியில் ஒரு கோழியைப் பிடித்தால் மற்றவை ஓடி மறைந்துவிடும், அதுவும் பிடித்ததை இழுத்துக்கொண்டு போய்விடும். அடைத்த கூண்டுக்குள் மற்ற கோழிகள் தப்ப வழியின்றிச் சிறகடித்துக் கொண்டே இருப்பதால், அந்த அசைவு கீரியின் வேட்டை உணர்வைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துவிட்டு, பெரிய கோழியைத் தான் வந்த துளை வழியாக வெளியே இழுக்க முடியாமல் விட்டுச் செல்கிறது. நாயும் காட்டுப்பூனையும்கூட இப்படிச் செய்வதுண்டு. ஆகவே ஒரே இரவில் அல்லது ஒரே பகலில் பத்துக் கோழிகள் சாவதற்குக் காரணம், கோழி தப்ப முடியாத கூண்டுக்குள் வேட்டை விலங்கு நுழைய முடிந்ததுதான். அரைகுறையாக அடைத்த கூண்டு, கூண்டே இல்லாததைவிட ஆபத்தானதாக ஆகிவிடுவது இதனால்தான்.

அதிகம் செலவு செய்ய இயலாது. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

இரவுக் கூண்டை முதலில் செய்யுங்கள். மேய்ச்சல் அடைப்பு, மேல்வலை எல்லாம் அதற்குப் பிறகு. எந்தப் பக்கத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாத ஒரு சிறு கூண்டும், அதை நாள்தோறும் பொழுது சாயும்போது பூட்டும் ஒரு கையும் இருந்தால், இரவில் வரும் விலங்குகளால் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு இரவில் ஒன்றரைச் சதுர அடி இடமாவது இருக்கும்படி அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எந்த வலையை வாங்க வேண்டும்? கடையில் சிக்கன் மெஷ் என்று தருகிறார்களே, அது போதாதா?

போதாது. அறுகோணக் கண்ணுடைய சிக்கன் மெஷ் கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்றதே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதற்கு ஏற்றதன்று. அதன் கம்பி மெல்லியது, முறுக்கி இணைக்கப்பட்டது. ஒரு நாய் காலால் அழுத்தி இழுத்தாலே கண் பிரிந்துவிடும். பெரிய கண் கொண்ட சிக்கன் மெஷ் வழியாகப் பாம்பு நேராகவே நுழையும். மேலும், கோழி வலையோரம் படுத்திருக்கும்போது காட்டுப்பூனை அந்தக் கண் வழியே காலை விட்டுத் தலையைப் பிடித்து இழுத்துவிடும். கூண்டு உடையாமலே தலையில்லாத கோழி உள்ளே கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாங்க வேண்டியது ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை. இரவுக் கூண்டு முழுவதற்கும், மேய்ச்சல் அடைப்பின் கீழ் மூன்றடிக்கும் அரை அங்குலக் கண் உள்ளதைப் பயன்படுத்த வேண்டும். பெரிய எலி முக்கால் அங்குலத் துளை வழியாகவே நுழைந்துவிடும் என்பதால் ஒரு அங்குலக் கண்ணை நம்ப முடியாது. சுண்டெலியை அரை அங்குலமும் தடுக்காது, ஆனால் சுண்டெலி கோழியைக் கொல்வதில்லை. அடைப்பின் மேற்பகுதிக்கு ஒரு அங்குல அல்லது இரண்டு அங்குல மெஷ் போதும், அங்கே செலவைக் குறைத்துக்கொள்ளலாம்.

வலையை அடிப்பதிலும் கவனம் வேண்டும். சட்டத்தின் வெளிப்பக்கமாக வலையை வைத்து அடித்தால், வெளியிலிருந்து முட்டும் விலங்கு வலையைச் சட்டத்தோடு சேர்த்தே அழுத்தும். உள்பக்கமாக அடித்திருந்தால் அதே அழுத்தம் ஆணியைப் பிடுங்கிவிடும். மரச்சட்டமாக இருந்தால் நான்கு அங்குலத்துக்கு ஒரு யு ஆணி அடித்து, அதன்மேல் மெல்லிய ரீப்பர் கட்டை ஒன்றையும் வைத்துத் திருகாணி போட்டால் வலை பல ஆண்டுகளுக்கு அசையாது. கட்டுக்கம்பியால் மட்டும் கட்டியிருப்பவர்கள் முடிச்சுகளை அவ்வப்போது இறுக்க வேண்டியிருக்கும்.

வலைக்கு அடியில் தோண்டிக்கொண்டு வருவதை எப்படித் தடுப்பது?

நாய், கீரி, நரி, பெருச்சாளி ஆகிய நான்கும் தோண்டும். இரண்டு முறைகள் உள்ளன. வலையை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைப்பது ஒன்று. வலையைத் தரைமட்டத்தில் வெளிப்பக்கமாக மடக்கி, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் பாவாடைபோல விரித்து, மேலே கல்லோ மண்ணோ போட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவதே எனக்குப் பிடித்த முறை. வேலை குறைவு, பாறைப்பாங்கான நிலத்திலும் செய்யலாம். தோண்ட வரும் விலங்கு சுவரின் அடியிலேயே தோண்டத் தொடங்கும், ஓரடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. தோண்டும் இடத்தில் வலை தட்டுப்படுவதால் விட்டுவிட்டுப் போய்விடும். சில மாதங்களில் புல் முளைத்து வலையை மண்ணோடு இறுக்கிவிடும்.

இரவுக் கூண்டு தரையிலேயே இருந்தால், அடித்தளத்துக்குச் சிமெண்ட் போடுவதோ, தரை முழுவதும் வெல்டு மெஷ் விரித்து அதன்மேல் நான்கு அங்குல மண் நிரப்புவதோ அவசியம்.

கூண்டைத் தரையில் வைப்பதா, கால்கள் மேல் வைப்பதா?

இடமும் வசதியும் இருந்தால் இரண்டரை அடி உயரக் கால்களின்மேல் வைப்பதே மேல். எச்சம் கீழே விழுந்துவிடும், மழைநீர் ஏறாது, அடியில் வளை தோண்ட முடியாது. அடிப்பக்கம் மூங்கில் பிளாச்சுகளோ பலகைகளோ போடுபவர்கள் இடைவெளி விட்டுத்தான் அடிப்பார்கள். அந்த இடைவெளி வழியாகவே பெருச்சாளி உறங்கும் குஞ்சின் காலைக் கடிக்கிறது. ஆகவே பிளாச்சுக்கு அடியிலும் அரை அங்குல வெல்டு மெஷ் வேண்டும். கால்களைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் எலி ஏறுவது கடினமாகும். கால்களின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பும் ஏறாது. பொரித்த ஓரிரு நாளே ஆன குஞ்சுகளுக்கு எறும்புக்கூட்டமும் உயிர் ஆபத்துதான்.

கூரைக்குப் பனையோலையும் தென்னங்கீற்றும் குளிர்ச்சி தருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எலிக்கும் எலியைத் தேடி வரும் பாம்புக்கும் வசதியான இருப்பிடம். கீற்றுக்குக் கீழே வெல்டு மெஷ்ஷால் ஒரு மூடி அமைத்துவிட்டு அதன்மேல் கீற்றை வேய்ந்தால் குளிர்ச்சியும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும். ஓட்டுக்கூரைக்கும் இதே முறை பொருந்தும். தகரக் கூரையின் நெளிவுகளுக்கு அடியில் சுவரோடு சேரும் இடத்தில் விடப்படும் இடைவெளிகளைப் பலர் கவனிப்பதில்லை.

பாதுகாப்புக்காக நான்கு பக்கமும் தகரமோ தார்ப்பாயோ கட்டி மூடிவிடுவது மற்றொரு தவறு. சித்திரை, வைகாசி வெயிலில் அத்தகைய கூண்டுக்குள் கோழிகள் மூச்சுத்திணறிச் சாகும். கீழ் ஒன்றரை அடி மூடிய சுவரும் அதற்கு மேல் வலையும் என்பதே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற அமைப்பு. உட்காரும் கொம்புகளை வலையிலிருந்து ஓரடியாவது தள்ளி அமைத்தால், வெளியிலிருந்து கால் நீட்டும் பூனைக்குக் கோழி எட்டாது.

கதவுக்கு எந்தத் தாழ்ப்பாள் நல்லது?

ஒரே அசைவில் திறக்காத தாழ்ப்பாள். வெறும் கொக்கியை நாய் மூக்கால் தட்டியே தூக்கிவிடும். நாதாங்கியைப் போட்டு அதன் துளையில் ஒரு சிறு பூட்டையோ வளைத்த கம்பியையோ மாட்டிவிட்டால் எந்த விலங்காலும் திறக்க முடியாது, கோழித் திருடனுக்கும் அது ஒரு தடைதான். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிக் கோடையில் சுருங்கும்போது கீழ்ப்பக்கத்தில் இடைவெளி விழும். அங்கே ஒரு தகரப் பட்டை அடித்துவிடுங்கள்.

எங்கள் கோழிகள் கூண்டுக்குள் வராமல் மரத்தில் ஏறி அடைகின்றன. அது பாதுகாப்பில்லையா?

சிறுவிடை எனப்படும் சிறிய உடல் கொண்ட நாட்டுக்கோழிகள் நன்றாகப் பறக்கும் என்பதால் முருங்கையிலும் வேம்பிலும் ஏறி உட்காருவது அவற்றின் இயல்பு. நாய்க்கும் நரிக்கும் அங்கே அவை எட்டா. ஆனால் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் மரம் ஏறத் தெரியும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, தொட்டால்கூட அசையாமல் உட்கார்ந்திருக்கும். கொம்பன் ஆந்தை உள்ள ஊர்களில் கிளை நுனியில் உட்காரும் கோழிக்கும் உறுதியில்லை.

பழக்கத்தை மாற்ற அடிப்பதோ துரத்துவதோ பயன் தராது. நான்கைந்து நாள் கோழிகளைக் கூண்டுக்குள்ளேயே வைத்து, அங்கேயே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். பிறகு வெளியே விட்டு, பொழுது சாய்வதற்கு அரைமணி நேரம் முன்பு ஒரு கைப்பிடி கம்பையோ குருணையையோ கூண்டுக்குள் மட்டும் போட்டு, எப்போதும் ஒரே ஒலியில் கூப்பிடுங்கள். கூண்டுக்குள் உட்காரும் கொம்பு நுழைவாயிலைவிட உயரத்தில் இருந்தால் கோழிகள் தாமாகவே ஏறிக்கொள்ளும். பூட்டுவதற்கு முன் எண்ணிப் பார்ப்பதை ஒருநாளும் விடக் கூடாது.

பருந்துக்கும் காகத்துக்கும் என்ன செய்வது?

கரும்பருந்து குளிர்காலத்தில் கூடு கட்டத் தொடங்கி, கோடைக்குள் குஞ்சுகளை வளர்த்து முடிக்கும். அதனால் தை முதல் சித்திரை வரையான மாதங்களில் அதற்கு இரைத் தேவை அதிகம். அந்த மாதங்களில் விடும் கோழிக்குஞ்சுகளுக்குக் கூடுதல் காவல் வேண்டும். பொரித்ததிலிருந்து ஆறு வாரம் வரையில் குஞ்சுகளுக்குப் பருந்தால் ஆபத்து உண்டு. முதல் இரண்டு வாரங்களில் காகமும் எடுக்கும்.

நம் முன்னோர் பயன்படுத்திய பஞ்சாரம் என்னும் கவிழ்ப்புக் கூடை இதற்கு இன்றும் சிறந்த கருவி. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் விட்டுப் புல்லின்மேல் கவிழ்த்து வைத்து, வேளைக்கு ஒருமுறை இடம் மாற்றினால் குஞ்சுகளுக்கு மேய்ச்சலும் கிடைக்கும். நாய் தள்ளிவிடாதிருக்க மேலே ஒரு கல் வைக்க வேண்டும். இரவில் பஞ்சாரத்தை நம்பி வெளியில் விடக் கூடாது.

திறந்தவெளியில் விடும்போது மேலே வலை கட்டலாம். கடலோர ஊர்களில் கழித்துப்போட்ட மீன்வலை எளிதாகக் கிடைக்கும். வலை கட்ட இயலாதவர்கள் கம்பங்களுக்கிடையே ஓரடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டினாலும் பருந்து பாய்ந்து இறங்கத் தயங்கும். பளபளக்கும் நாடா, பழைய குறுந்தகடு, வெருளி பொம்மை ஆகியவற்றின் பயன் சில நாள்கள்தான். தொடர்ந்து இடம் மாற்றாவிட்டால் பறவைகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

வலையைவிட இயற்கையான பாதுகாப்பு மறைவிடம். பருந்தைக் கண்ட தாய்க்கோழி நீண்ட குரல் ஒன்றைக் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டதும் குஞ்சுகள் ஓடி ஒளிய, எட்டும் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டும். வாழைக் கன்றுகள், செம்பருத்திப் புதர், சாய்த்து வைத்த தென்னை மட்டை, காய்ந்த முள் குவியல் எதுவும் பயன்படும். துப்புரவாகப் பெருக்கி வைத்த வெறும் முற்றத்தில் குஞ்சுக்குப் போக்கிடமே இல்லை. வெள்ளைக் கோழிகளைவிட நிறம் கலந்தவை தரையோடு ஒன்றித் தெரிவதும் ஒரு நன்மை. புறக்கடை வளர்ப்புக்கென்றே ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா பல நிற இறகுகளுடன் இருப்பது இந்த வகையில் அதற்குத் துணை செய்கிறது.

பாம்பு வராமல் இருக்கச் சிறியாநங்கை வளர்த்தால் போதுமா? பூண்டு, பினாயில் தெளிக்கலாமா?

சிறியாநங்கை வளர்ப்பதிலும் ஆகாசகருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடுவதிலும் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் அவை பாம்பைத் தடுக்கும் என்று நம்பிக் கூண்டின் துளையை அடைக்காமல் விடுவதுதான் தீங்கு. பூண்டுக் கரைசலின் மணம் ஒரு மழையில் போய்விடும். பினாயில் கோழியின் கண்ணையும் மூச்சையும் உறுத்தும்.

பாம்பு எலிக்காகவும் முட்டைக்காகவும் மறைவிடத்துக்காகவும் வருகிறது. ஆகவே முட்டைகளைக் காலையிலும் மாலையிலும் எடுத்துவிட வேண்டும். கூண்டைச் சுற்றி ஆறடிக்குச் செங்கல் குவியல், விறகு, பழைய ஓடு, உயர்ந்த புல் ஆகியவை இருக்கக் கூடாது. குஞ்சுகளுக்கு வேண்டிய மறைவிடம் மேய்ச்சல் பகுதியில் இருக்கட்டும், இரவுக் கூண்டின் ஓரத்தில் வேண்டாம். அரை அங்குல மெஷ் வளர்ந்த பாம்புகளைத் தடுத்துவிடும். மெல்லிய நைலான் பறவை வலையைத் தரையோரம் தொங்கவிட்டால் பாம்பு அதில் சிக்கி, செதில் அறுபட்டுத் துடித்துச் சாகும். அதை விடுவிக்கப் போகும் மனிதருக்கும் ஆபத்து. எனவே நைலான் வலையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து உயர்ந்தே இருக்க வேண்டும்.

முட்டையிடும் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விடக் கூடாது. இருட்டில் டார்ச் விளக்கு இல்லாமல் கூண்டருகே போகவும் கூடாது. பாம்பு உள்ளே இருந்தால் அடிக்க முயலாமல், கோழிகளை மறுபக்கமாக வெளியேற்றிவிட்டு வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளருக்கோ தெரிவிக்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைப் போக்காமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சு அங்கேதான் உறுதியாகக் கிடைக்கும்.

எலியும் பெருச்சாளியும் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆம். அவையே முட்டையையும் குஞ்சையும் எடுக்கும், தீனியைத் தின்று அதில் சிறுநீர் கழித்துக் கெடுக்கும். அதோடு நிற்காமல் பாம்பையும் காட்டுப்பூனையையும் கீரியையும் கூண்டுக்கு அழைத்து வருகின்றன. எலி குறைந்தால் மற்றவை வருவது தானாகக் குறையும். இரவில் தீனித்தட்டைக் கூண்டுக்குள் விடாதீர்கள். தவிடு, சோளம், கலப்புத் தீவனம் ஆகியவற்றை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள், சாக்கில் வைப்பது எலிக்கு விருந்து வைப்பதாகும். சிந்திய தீனியை மாலையில் பெருக்கிவிடுங்கள். எலி மருந்து வைத்தால் செத்த எலியைத் தின்னும் நாயும் கூகையும் கோழியும் சாகக்கூடும், கூண்டுப்பொறியே பாதுகாப்பானது.

தெருநாய்த் தொல்லைக்கு வழி என்ன?

நாய்க்கு வலிமை அதிகம் என்பதால் வேலியும் வலிமையாக இருக்க வேண்டும். ஐந்தடி உயரமும், ஆறடிக்கு ஒரு கல்தூண் அல்லது இரும்பு ஆங்கிளும், மேலே சொன்னபடி தரையில் பாவாடைபோல விரித்த வலையும் தேவை. கோழிக் கழிவையும் குடலையும் திறந்தவெளியில் எறிவது நாய்களைப் பழக்கப்படுத்துகிறது, அவற்றை ஆழமாகப் புதைக்க வேண்டும். நாயைக் கொல்வது சட்டப்படி குற்றம். விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்து வடிவில் மனுக் கொடுக்கலாம்.

காவலுக்கு நாய், கினிக்கோழி, மினுக்கும் விளக்கு ஆகியவை உதவுமா?

குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாட்டுநாய் மிக நல்ல காவல். வளர்ந்த பிறகு கொண்டுவந்த நாயைப் பல வாரங்களுக்குக் கண்காணிப்பின்றி விடக் கூடாது. கினிக்கோழி பாம்பையோ பருந்தையோ கண்டால் பெருங்கூச்சல் போடும், ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே. சேவல் சிறு எதிரிகளை எதிர்த்து நிற்கும். மினுக்கும் சூரிய விளக்குகளுக்கு விலங்குகள் விரைவில் பழகிவிடுகின்றன.

கீரியைப் பொறி வைத்துப் பிடிக்கலாமா? விஷமோ மின்வேலியோ வைக்கலாமா?

கூடாது. கீரி, காட்டுப்பூனை, மரநாய், புனுகுப்பூனை, நரி, உடும்பு, பருந்து, சாரை, நல்ல பாம்பு ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. கொல்வது மட்டுமன்று, பிடிப்பதும் குற்றம். 2022-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது தண்டத்தொகைகள் உயர்த்தப்பட்டன.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இது பயனற்ற வழி. கீரி நாள்தோறும் தின்பது எலி, பூச்சி, ஓணான், பாம்பு ஆகியவற்றைத்தான். கோழி அதற்கு எப்போதோ கிடைக்கும் இரை. இருக்கும் கீரியை அகற்றினால் எலி பெருகும், சில வாரங்களில் அந்த இடத்துக்கு வேறொரு கீரி வந்துசேரும், கூண்டின் துளை மட்டும் அப்படியே இருக்கும். கிளுவை வேலியும் புதரும் உள்ள ஊர்களில் கீரி இருப்பது அந்த நிலம் நலமாக இருப்பதன் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

குருணையிலோ இறைச்சியிலோ விஷம் கலந்து வைத்தால் மயிலும் காகமும் அண்டை வீட்டு நாயும் சாகும், குழந்தைகளும் தொடக்கூடும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் பாய்ச்சுவது உயிர்க்கொலைக்குச் சமம். அதில் மனிதர்களும் யானைகளும் மாண்ட செய்திகள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கின்றன. விட்டுவிட்டுத் துடிப்பு அனுப்பும் சூரிய மின்வேலி வேறு வகையானது. ஆயினும் காட்டையொட்டிய பகுதிகளில் மின்வேலியைப் பதிவு செய்வதற்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்டிருப்பதால், அமைப்பதற்கு முன் வனத்துறையைக் கேட்க வேண்டும். இருபது கோழிக்கு அது தேவையும் இல்லை.

அடைகோழியை எங்கே வைப்பது?

வீட்டுக்குள்ளோ வலையடித்த தனி அறையிலோ வைக்க வேண்டும். 21 நாள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கோழி, பாம்புக்கும் பெருச்சாளிக்கும் எளிய இலக்கு. அடைக்கூடையை மண்தரையில் வைக்காமல் மேசையின்மீது வைத்து, நாளுக்கு ஒருமுறை தீனிக்கு இறக்கிவிடலாம். பொரித்த பின் தாயையும் குஞ்சுகளையும் இரவில் மற்றக் கோழிகளோடு சேர்க்காமல், அரை அங்குல மெஷ் அடித்த சிறு பெட்டியில் அடைப்பது நல்லது.

மலையோரத்தில் இருக்கிறோம், சிறுத்தை நடமாட்டம் உண்டு. என்ன செய்வது?

நீலகிரி, வால்பாறை போன்ற இடங்களில் கோழியும் நாயும் சிறுத்தையை வீட்டருகே இழுக்கக்கூடும். கூண்டு வீட்டுச் சுவரோடு ஒட்டி, இரும்புச் சட்டத்தில் இருக்க வேண்டும். இரவில் ஓசை கேட்டால் வெளியே செல்லாமல் விளக்குப் போட்டுக் குரல் கொடுத்து, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

தாக்குதல் நடந்துவிட்டது. அன்றே செய்ய வேண்டியவை எவை?

ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு அந்த விலங்கு மறுநாளும் வரும், பல வேளைகளில் அதே துளைக்கே வரும். எனவே பொழுது சாய்வதற்குள் துளையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். முடியாவிட்டால் எஞ்சிய கோழிகளைக் குளியலறையிலோ திண்ணையறையிலோ அன்றிரவு அடைத்துவைக்கலாம். துளையைக் காண எளிய வழி, இருட்டிய பின் ஒருவர் கூண்டுக்குள் விளக்கை வைக்க, மற்றொருவர் வெளியில் சுற்றிவந்து வெளிச்சம் கசியும் இடங்களைப் பார்ப்பது.

காயம்பட்ட கோழியைத் தனியே பிரிக்க வேண்டும், ஏனெனில் சிவந்த காயத்தை மற்றக் கோழிகள் கொத்திப் பெரிதாக்கும். காயத்தைச் சுத்தமான உப்பு நீரில் கழுவி, ஈ முட்டையிடாதபடி வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவலாம். ஆழமான கடி என்றால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். தப்பிய கோழிகள் அச்சத்தில் சில நாள் முட்டையிடாமல் இருக்கும், அது இயல்பே. கடிபட்டுச் செத்த கோழியைச் சமைக்கக் கூடாது. சுண்ணாம்பு தூவி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

விலங்கை விரட்டும்போது நாயோ கீரியோ பூனையோ நரியோ உங்களைக் கடித்திருந்தால், கீறலாக இருந்தாலும் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கோழிக் கணக்கை அதன் பிறகு பார்க்கலாம்.

கூண்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

வாரம் ஒருமுறை சுற்றிவந்து அடிப்பக்கத்தையும் மூலைகளையும் காலால் அழுத்திப் பார்ப்பது போதும். பெருமழைக்கு மறுநாள் கட்டாயம் பார்க்க வேண்டும், மண் அரித்துத் தரையில் விரித்த வலை வெளியே தெரியும், புதிய வளைகள் விழுந்திருக்கும். கோழி எச்சம் படும் இடங்களிலும் கடற்காற்று வீசும் ஊர்களிலும் ஜி.ஐ. கம்பி விரைவில் துருப்பிடிக்கும். தரையைத் தொடும் கீழ் அரையடியில் விரலால் இழுத்தால் கண் உடைகிறதா என்று பார்த்து, உடைந்தால் அந்தப் பட்டையை மட்டும் வெட்டி மாற்றிவிடலாம், வலை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.